காளவாசலின் மண்ணுக்கடியில்: மதுரையின் நிலத்தடி வழித்தடங்களும் பாதுகாப்பான தோண்டலும்

நிலத்தடி வழித்தடங்கள் என்பவை குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு, எரிவாயு ஆகியவற்றுக்காக மண்ணுக்கடியில் பதிக்கப்பட்ட குழாய்களும் கேபிள்களும் ஆகும். ஒரு வீட்டில் தரைத் தொட்டி கட்டவோ, செப்டிக் டேங்க் அமைக்கவோ, மதில் சுவருக்குக் கடைக்கால் எடுக்கவோ தோண்டும்போது இவற்றில் ஏதேனும் ஒன்று கடப்பாரையிலோ இயந்திரத்தின் பல்லிலோ சிக்குவது தமிழக நகரங்களில் அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் அது ஒரு தெருவுக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போவதோடு முடிகிறது. சில வேளைகளில் உயிரிழப்பில் முடிகிறது. மதுரையின் மேற்கே உள்ள காளவாசலையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் முன்வைத்து, இந்த வழித்தடங்கள் மண்ணுக்கடியில் சேர்ந்த வரலாற்றையும், அவற்றின் அருகே தோண்டுவதற்கு உருவான முறைகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

பெயரும் இடமும்

செங்கல்லோ சுண்ணாம்போ சுடும் சூளைக்குத் தென்மாவட்டங்களில் வழங்கும் பெயர் காளவாசல். மதுரை, தேனி, நெல்லைப் பக்கங்களில் 'செங்கல் காளவாசல்' என்பது இன்றும் பேச்சு வழக்கில் உள்ளது. சூளை என்றாலே அருகில் மண் எடுத்த பள்ளம் உண்டு. அந்த வகையில் தோண்டும் தொழிலின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட பகுதி இது. தேனி சாலையும் புறவழிச் சாலையும் இங்கே குறுக்கிடுகின்றன. கிழக்கே அரசரடி, வடக்கே பெத்தானியாபுரம், மேற்கே கோச்சடை, தெற்கே எஸ்.எஸ். காலனியும் பொன்மேனியும் சூழ்ந்துள்ளன. சந்திப்பின் நெரிசலைக் குறைக்கக் கட்டப்பட்ட மேம்பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. இத்தகைய பாலப் பணிகளில் தூணுக்கு அடித்தளம் தோண்டும் முன்பே ஒரு பெரிய வேலை இருக்கிறது: அந்த இடத்தில் ஓடும் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின் கேபிள், தொலைபேசிக் கேபிள் அனைத்தையும் கண்டறிந்து இடம் மாற்றுவது. பாலத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

பழைய மதுரையின் நிலத்தடி

மதுரையில் மண்ணைத் தோண்டியபோது எதிர்பாராதது கிடைத்த கதைகளில் புகழ்பெற்றது முக்குறுணிப் பிள்ளையாருடையது. திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க வண்டியூர் அருகே மண் எடுத்தபோது இந்தப் பெரிய சிலை வெளிப்பட்டது என்றும், மண் எடுத்த அந்தப் பள்ளமே பின்னர் மாரியம்மன் தெப்பக்குளமாக ஆனது என்றும் மரபு கூறுகிறது. தெப்பக்குளம் 1645-இல் அமைக்கப்பட்டது. வைகை நீர் அதற்கு நிலத்தடிக் கால்வாய் வழியாக வந்து சேரும்படி ஏற்பாடு இருந்தது.

நிலத்தடி நீர்வழி என்ற கருத்து இந்நகருக்கு அதைவிடப் பழையது. பரிபாடலும் சிலப்பதிகாரமும் மதுரையைப் பேசும் இடங்களில் 'சுருங்கை' என்ற சொல் வருகிறது. மதிலுக்கடியில் செல்லும் நீர்வழியையும் மறைவழியையும் குறிக்கும் இச்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இலக்கியத்தில் மட்டும் இருந்ததை மண்ணிலும் காட்டியது கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் 2015-இல் தொடங்கிய அகழாய்வுகளில் உறைகிணறுகளும் வடிகால் அமைப்புகளும் வெளிப்பட்டன. 2024-இல் நடந்த பத்தாம் கட்ட அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் கிடைத்தன. அவை உடையாமல் கிடைத்ததற்குக் காரணம் தோண்டிய முறை. அகழாய்வாளர் குழியை அளந்து கயிறு கட்டி, மேல்மண்ணை அடுக்கு அடுக்காகச் சீவி எடுத்து, மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்துகிறார். அதே குழாய் ஓர் ஆழ்துளைக் கிணற்று இயந்திரத்தின் கீழ் அகப்பட்டிருந்தால் ஓட்டுச் சில்லாகத்தான் வெளியே வந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரையின் நிலத்தடி ஒருமுறை பெரிய அளவில் மாறியது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்த இடத்தில் உருவானவை வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். பிந்தைய இரு தெருக்களின் பெயர்கள் அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களே. அகழி தூர்த்த நிலம் இயற்கை மண் அல்ல. உடைந்த கல்லும் செங்கலும் கலந்த நிரப்பு மண் கெட்டியாகத் தோன்றினாலும், பள்ளம் எடுத்தவுடன் சரியக்கூடியது. நகரின் மேற்கிலும் தெற்கிலும் கண்மாய்களையும் வாய்க்கால்களையும் ஒட்டி எழுந்த குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும். நாகமலை அடிவாரத்திலிருந்து பொன்மேனி வழியாக ஓடிவரும் கிருதுமால் நதி இன்று பெரும்பாலும் கழிவுநீர் வாய்க்காலாகவே தெரிகிறது. ஆனால் அதன் பழைய கரைகளில் மண் எப்போதும் ஈரம் கோத்தது. அங்கே ஆளுயரப் பள்ளம் எடுப்பதற்கும் மேட்டு நிலத்தில் எடுப்பதற்கும் வேறுபாடு உண்டு.

குழாய்கள் வந்த வரிசை

மதுரை நகராட்சி 1866 நவம்பர் 1 அன்று அமைந்தது. மாநகராட்சியாக உயர்ந்தது 1971 மே 1 அன்று. இந்த இடைப்பட்ட நூறாண்டில் குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி என்று ஒவ்வொன்றாக வந்தன. அவை ஒரே திட்டத்தின் கீழ் வரவில்லை, ஒரே துறையின் கையிலும் இல்லை. முதலில் வைகை ஆற்றுமணலில் ஊறும் நீரை இறைத்து வார்ப்பிரும்புக் குழாய்களில் அனுப்பினர். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபின், அணை நீரை நேரே நகருக்குக் கொண்டுவரும் திட்டங்கள் பிற்காலத்தில் சேர்ந்தன. மின்சாரம் தொடக்கத்தில் பல ஊர்களில் தனியார் நிறுவனங்களின் பொறுப்பில் இருந்தது. 1957 ஜூலை 1 முதல் தமிழ்நாடு மின்சார வாரியம் இயங்கத் தொடங்கியது. தொலைபேசி மத்திய அரசுத் துறையிடம் இருந்து 2000-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு மாறியது. அதன் பிறகு தனியார் நிறுவனங்களின் கண்ணாடி இழைக் கேபிள்கள் தெருவுக்குத் தெரு இறங்கின.

ஒவ்வொரு துறையும் தன் குழாயைப் பதித்து மண்ணை மூடியது. வரைபடம் வரைந்தவர்களும் தன் துறையின் கோட்டை மட்டுமே வரைந்தார்கள். எந்தத் தெருவில் எந்தப் பக்கம் எத்தனை அடியில் குழாய் போகிறது என்ற அறிவு உண்மையில் இருந்தது வேறோர் இடத்தில்: வால்வைத் திறந்து மூடும் குழாய்ப் பணியாளர், கேபிள் இணைக்கும் லைன்மேன், சாக்கடை அடைப்பு எடுக்கும் தொழிலாளி ஆகியோரின் நினைவில். ஒரு தெருவில் இருபது ஆண்டுகள் வால்வு திருகியவர் கண்ணை மூடிக்கொண்டு குழாய் போகும் பாதையைக் காட்டுவார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த வரைபடமும் அவரோடு போய்விட்டது. மாநகராட்சியின் எல்லை 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாகவும், சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து சுமார் 148 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் பெரிதானது. புதிதாகச் சேர்ந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் தத்தம் வழியில் பதித்த குழாய்கள் ஒரே மாநகராட்சியின் தலையில் வந்து விழுந்தன.

2005 இறுதியில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் மதுரையும் இடம்பெற்றது. பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் அதன் கீழ் விரிவாயின. 2016-இல் பொலிவுறு நகரங்கள் பட்டியலில் மதுரை சேர்ந்தது. முல்லைப் பெரியாறு நீரை லோயர்கேம்பிலிருந்து எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்துக்காக நகரின் தெருக்கள் மீண்டும் தோண்டப்பட்டன. நகர எரிவாயு வினியோகத் திட்டம் மதுரை மாவட்டத்துக்கும் வந்துள்ளது. இந்த நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் மதுரைத் தெருக்கள் தோண்டப்பட்ட அளவுக்கு அதற்கு முந்தைய எந்தக் காலத்திலும் தோண்டப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

மேலே இருந்தவற்றைக் கீழே கொண்டுசெல்ல வலுவான காரணங்களும் இருந்தன. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மேலே சென்ற மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். மதுரையில் சித்திரைத் தேர் உலா வரும் மாசி வீதிகளிலும் கம்பிகளை அவிழ்த்துத் தேருக்கு வழிவிட வேண்டியிருந்த காலம் உண்டு. கம்பி மண்ணுக்கடியில் போனால் தேருக்கும் மரத்துக்கும் மாடியில் துணி காயப்போடுபவருக்கும் ஆபத்து நீங்குகிறது. அந்த ஆபத்து தோண்டுபவரிடம் போய்ச் சேருகிறது. மேலே இருக்கும் கம்பியைக் கண் பார்க்கும். கீழே இருப்பதை யாராவது சொல்ல வேண்டும்.

கடப்பாரையிலிருந்து இயந்திரத்துக்கு

வழித்தடங்கள் பெருகிய அதே காலத்தில் தோண்டும் கருவியும் மாறியது. ஜேசிபி நிறுவனம் 1979-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கரில் உற்பத்தியைத் தொடங்கியது. நாளடைவில் நிறுவனத்தின் பெயரே தமிழில் இயந்திரத்தின் பெயரானது. பொக்லைன் என்ற சொல்லும் அவ்வாறே ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் செப்டிக் டேங்க் குழி எடுக்க நான்கு ஆட்களுக்கு இரண்டு மூன்று நாள் வேலை இருந்தது. இன்று அது ஒரு மணி நேர வாடகை.

இந்த மாற்றத்தில் வேகம் கூடியது. கைத்தொடு உணர்வு போயிற்று. கடப்பாரையால் தோண்டுபவருக்கு மண்ணின் ஒலி மாறுவது தெரியும். களிமண்ணில் திடீரென ஆற்றுமணல் வந்தால் அது தானாக வந்த மணல் அல்ல என்று அனுபவசாலி உடனே நிறுத்துவார். மணலுக்குக் கீழே வரிசையாகச் செங்கல் தட்டுப்பட்டால் மின் கேபிள் என்று பொருள். மின் கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தர விதி 1255 சொல்வதும் இதுவே: கேபிளைச் சுற்றி மணல் படுக்கை, அதன்மேல் செங்கல்லோ ஓடோ மூடி, பிறகு மண். அந்தச் செங்கல் வரிசை பின்னாளில் தோண்டுபவருக்காக வைக்கப்பட்ட எச்சரிக்கை. காளவாசலில் சுட்ட செங்கல் சுவருக்கு மட்டுமல்ல, இதற்கும் பயன்பட்டது. இயந்திரத்தின் வாளி அந்த வரிசையை ஒரே வாரலில் அள்ளிவிடும். ஓட்டுநர் கூண்டில் இருப்பவருக்கு அது செங்கலா கல்லா என்பதே தெரியாது.

அந்தத் தர விதியின்படி தாழ்வழுத்தக் கேபிள் குறைந்தது 75 சென்டிமீட்டர் ஆழத்திலும், 11 கிலோவோல்ட் வரையிலான கேபிள் 90 சென்டிமீட்டரிலும், 33 கிலோவோல்ட் கேபிள் 105 சென்டிமீட்டரிலும் இருக்க வேண்டும். எரிவாயுக் குழாய்க்கு ஒரு மீட்டர் பொதுவான அளவு. தொலைத்தொடர்புத் துறை தன் கண்ணாடி இழைக் கேபிளுக்கு வகுத்த ஆழம் 165 சென்டிமீட்டர். இந்த எண்களை நம்பித் தோண்டுவதுதான் பெரிய ஆபத்து. ஆழம் பதித்த நாளின் தரைமட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது. அதன்பின் சாலையைச் சுரண்டித் தாழ்த்தியிருக்கலாம், மேலே மேலே தார் போட்டு உயர்த்தியும் இருக்கலாம். மதுரைத் தெருக்களில் இரண்டாவதே அதிகம் என்பதைச் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கும் பழைய வீட்டு வாசற்படிகள் காட்டும். பாறை தட்டிய இடத்தில் ஆழம் குறைத்து மேலோட்டமாகப் பதித்த கேபிள்களும் உண்டு.

2003: வீடுதோறும் குழி

தமிழகத்தில் வீட்டு வளாகத் தோண்டலின் வரலாற்றில் 2003-ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அவ்வாண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது. கெடு வைக்கப்பட்டதால் மாநிலம் முழுவதும் வீடுகளில் குழிகள் எடுக்கப்பட்டன. மாடி நீரை இறக்கும் குழாய் வீட்டின் எந்த மூலையில் இருந்ததோ அங்கேயே குழியும் அமைந்தது. அந்த மூலையில் ஏற்கெனவே சாக்கடை இணைப்போ குடிநீர் இணைப்போ எர்த் கம்பியோ இருந்ததா என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. திட்டம் நிலத்தடி நீருக்கு நன்மை செய்தது. ஆனால் அந்த அவசரத்தில் பதித்த குழாய்கள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் பின்னாளில் தரைத் தொட்டிக்குத் தோண்டியபோதுதான் அவை தெரிய வந்தன.

எர்த் கம்பியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிச் சிறு குழி எடுத்து, நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு நிரப்புவது நம் ஊர் வழக்கம். வீட்டு மின்சாதனங்களில் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் ஆளின் உடல் வழியே போகாமல் மண்ணுக்குள் இறங்கும் பாதை இதுவே. தோட்டத்தைக் கொத்தும்போதோ நடைபாதை போடும்போதோ இந்தக் கம்பி அறுந்தால் அன்று எதுவும் நடக்காது. விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். சில மாதங்கள் கழித்து ஈரக் கையோடு துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொடுபவருக்கு அதிர்ச்சி கிடைக்கும்போது, அதற்கும் அந்தத் தோட்ட வேலைக்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் நினைவுக்கு வராது.

விபத்துகள்

தோண்டும் பணியில் முதல் எதிரி பெரும்பாலும் மின்சாரம் அல்ல, மண்ணே. 2022 நவம்பரில் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைப் பணிக்கான பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி சிக்கினார். பொக்லைன் கொண்டு மண்ணை அகற்றி மீட்க முயன்றபோது அவர் உயிரிழந்தார். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது. இடுப்பு வரை புதைந்தவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து எடுக்க முடியாது. மார்பு வரை புதைந்தால் மூச்சை இழுத்து விரிக்க இடமிருக்காது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பள்ளத்துக்குப் பக்கங்களில் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும் என்பதும், எடுத்த மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வீட்டுத் தரைத் தொட்டிக் குழி பெரும்பாலும் இந்த ஆழத்தைத் தாண்டுகிறது. அங்கே முட்டுப் பலகை வைப்பது அரிது.

அதே ஆண்டு ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீரேற்று நிலையத்தின் தொட்டியில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் நச்சு வாயுவால் இறந்தனர். பழைய செப்டிக் டேங்க் அல்லது கைவிட்ட கழிவுநீர்க் குழி தோண்டும்போது திறந்துகொண்டால் அதே வாயு அங்கும் இருக்கும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவது இத்தகைய நிகழ்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

மின் கேபிளில் கருவி பட்டால் என்ன நடக்கும் என்பது குறித்துப் பலர் கற்பனை செய்வது ஷாக் அடிப்பதை மட்டுமே. நடைமுறையில் தீக்காயங்களே அதிகம். கடப்பாரை முனை கேபிளின் இரு கம்பிகளை இணைத்த நொடியில் தீப்பிழம்பு எழுந்து முகத்தையும் கைகளையும் எரிக்கிறது. உறை மட்டும் கீறப்பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் ஈரம் உள்ளே இறங்கும். 2025 ஆகஸ்டில் சென்னை கண்ணகி நகரில் தேங்கிய மழைநீரில் கால் வைத்த தூய்மைப் பணியாளர் நிலத்தடி மின் கேபிளின் கசிவால் உயிரிழந்தார். கேபிள் எந்தக் காரணத்தால் பழுதானாலும், பாதிக்கப்படுபவர் அதைப் பழுதாக்கியவராக இருக்க வேண்டியதில்லை.

எரிவாயுக் குழாய்கள் மதுரைக்குப் புதியவை என்பதால் உலக அனுபவம் இங்கே பயன்படும். தென்கொரியாவின் தேகு நகரில் 1995 ஏப்ரல் 28 அன்று சுரங்க ரயில் பணி நடந்த இடத்தின் அருகே, ஒரு வணிக வளாகக் கட்டுமானத்துக்காகத் துளையிட்டவர்கள் எரிவாயுக் குழாயைத் துளைத்தனர். வாயு மழைநீர் வடிகால் வழியே பரவிச் சுரங்கத்தில் நிறைந்து வெடித்தது. 101 பேர் இறந்தனர், அவர்களில் பலர் பள்ளி செல்லும் வழியில் இருந்த மாணவர்கள். பெல்ஜியத்தின் கிலென்கியனில் 2004 ஜூலை 30 அன்று கட்டுமானப் பணியில் சேதமடைந்திருந்த உயரழுத்தக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தனர். தேகு காட்டிய பாடம் வீட்டுக்கும் பொருந்தும். உடைந்த குழாயின் வாயு நேரே மேலெழுந்து காற்றில் கலந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. இளகிய மண்ணும் சாக்கடைக் குழாயும் அதற்கு வழி. உடைந்தது தெருவில் என்றாலும் நிறைவது சமையலறையாக இருக்கலாம்.

குடிநீர்க் குழாய் உடைப்பை மதுரையில் யாரும் ஆபத்தாகக் கருதுவதில்லை. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் நகரத்தில் அதன் விளைவு நுட்பமானது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகிறது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அப்போது விரிசலைச் சுற்றியுள்ள ஈரத்தைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் ஓடுவது கசியும் சாக்கடைக் குழாய் என்றால் மறுநாள் காலைக் குடத்தில் முதலில் விழுவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுவதும் அழுத்தத்தோடு நீர் வழங்குவதைத் திட்டமிடுபவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோண்டும் முன் கேட்டல்

தோண்டும் முன் ஓரிடத்தில் கேட்டால் எல்லாத் துறைகளும் வந்து அடையாளம் இடும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. 2007-இல் நாடு முழுவதற்கும் 811 என்ற ஒரே எண் வந்தது. அழைத்தபின் ஆட்கள் வந்து தரையில் நிறம் தீட்டிச் செல்வார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. தோண்டவிருக்கும் இடத்தை வீட்டுக்காரர் வெள்ளையில் குறிக்கிறார். குறியின் இருபுறமும் 18 முதல் 24 அங்குலத்துக்குள் இயந்திரத்தால் தோண்டக் கூடாது என்று பல மாநிலங்களில் விதி உள்ளது.

இந்தியாவில் இதற்கான முதல் நாடு தழுவிய முயற்சி தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து வந்தது. 2023 மார்ச் 22 அன்று பிரதமர் 'தோண்டும் முன் அழையுங்கள்' என்ற பொருள்படும் பெயரில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன்னதாக ஜனவரியில் தந்தி உள்கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகள் அறிவிக்கப்பட்டிருந்தன. ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு அப்போது குறிப்பிட்டது. தோண்டவிருப்பவர் இடத்தைப் பதிவு செய்தால் அப்பகுதியில் குழாயும் கேபிளும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போகும். அவர்கள் பதில் தர வேண்டும். கதிசக்தி திட்டத்தின் வரைபடங்கள் இதற்கு அடித்தளம்.

நல்ல தொடக்கம். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று எச்சரிக்கும் வாயிலாகவே அது வடிவெடுத்துள்ளது. காளவாசலில் முப்பதுக்கு நாற்பது மனையில் தரைத் தொட்டி கட்டுபவருக்கு அதனால் கிடைப்பது குறைவு. தெருவில் ஓடும் முதன்மைக் குழாய் ஒருநாள் வரைபடத்தில் ஏறும். அதிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு யாருடைய வரைபடத்திலும் இல்லை. பல நாடுகளிலும் இது இப்படித்தான். அமெரிக்காவிலும் மீட்டரைத் தாண்டிய வழித்தடத்துக்குப் பொதுவாக வீட்டுக்காரரே பொறுப்பு.

வீட்டு மனையில்

ஆகவே வீட்டு எல்லைக்குள் தோண்டும்போது முதல் வேலை நடந்து பார்ப்பது. தெருவிலுள்ள வால்வு மூடியையும் ஆள்நுழைவுக் குழியையும் வீட்டிலுள்ள குழாயையும் சாக்கடைத் தொட்டியையும் இணைத்துக் கோடு போட்டால் இணைப்பு போகும் திசை பெரும்பாலும் புலப்படும். சாக்கடைக் குழாய் தொட்டிக்குத் தொட்டி நேர்க்கோட்டில் போகும், நடுவில் வளையாது. வளைக்க வேண்டிய இடத்தில் தொட்டி கட்டியிருப்பார்கள். குடிநீர் இணைப்புக்கு அந்த ஒழுங்கு இல்லை; பிளாஸ்டிக் குழாயைப் பிளம்பர் தன் வசதிப்படி வளைத்திருப்பார். மின்கம்பத்திலிருந்து இரும்புக் குழாய்க்குள் கேபிள் கீழே இறங்கினால் அது மண்ணுக்கடியில் எங்கோ போகிறது. தரையில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட சிமெண்ட், நீளவாக்கில் சற்றே தாழ்ந்த மண், ஒரே வரிசையில் மட்டும் அடர்ந்து வளரும் புல் ஆகியவையும் பழைய பள்ளத்தின் தடயங்கள்.

உலோகம் கண்டறியும் கருவி இரும்புக் குழாயையும் கேபிளையும் காட்டும், பிளாஸ்டிக்கைக் காட்டாது. மண்ணை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டக்கூடியது. ஆனால் ஈரமான களிமண்ணிலும் கரிசலிலும் அதன் அலை வெகு ஆழம் இறங்குவதில்லை. கடைசியில் நம்பத்தக்கது கையால் எடுக்கும் சோதனைக் குழி. குறுக்கே ஒரு சிறு பள்ளம், ஒரு முழ அகலம், மண்வெட்டியால் சீவிச் சீவி. கூர்முனைக் கடப்பாரையை இந்த வேலைக்கு இறக்கக் கூடாது. வழித்தடம் கண்ணில் பட்டபின் அதன் பக்கவாட்டிலிருந்து மண்ணை ஒதுக்க வேண்டும், மேலிருந்து குத்தக் கூடாது. மஞ்சள் நாடா தெரிந்தால் எரிவாயுக் குழாய் அதற்குக் கீழே இருக்கிறது என்று பொருள்.

தெருவைத் தோண்டுவது வேறு கணக்கு. சாலையை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும், செப்பனிடும் கட்டணமும் கட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெட்டி மூடுவது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. அப்படிப் பதித்த இணைப்பே அடுத்து வருபவரின் கடப்பாரைக்கு முதலில் சிக்குகிறது.

ஏதேனும் உடைந்தால் செய்ய வேண்டியது எதில் பட்டது என்பதைப் பொறுத்தது. மின் கேபிள் என்றால் பள்ளத்தைவிட்டு விலகி, மின்சார வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ஐ அழைக்க வேண்டும். இயந்திரம் கேபிளில் சிக்கியிருந்தால் மின்சாரம் நிறுத்தப்படும் வரை ஓட்டுநர் கூண்டிலேயே இருப்பதும், மற்றவர் இயந்திரத்தைத் தொடாமல் இருப்பதும் நல்லது. எரிவாயு என்றால் அடைக்க முயலாமல், விளக்குச் சுவிட்சையும் வண்டியையும் இயக்காமல், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் விலகியபின் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். கீறல் மட்டும்தான் என்று மண்ணைத் தள்ளி மூடுவது இவை எல்லாவற்றையும்விட மோசமானது.

பள்ளத்தை மூடும் முன் செய்யக்கூடிய ஒரு சிறு வேலை உண்டு. அண்மைக் காலத்தில் செல்பேசிப் படம் அதை எளிதாக்கியுள்ளது. குழாய் திறந்து கிடக்கும்போது வீட்டின் நிலையான இரண்டு மூலைகளிலிருந்து அதற்குள்ள தூரத்தையும், தரையிலிருந்து ஆழத்தையும் அளந்து தாளில் கோடு போட்டு, தேதியோடு பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இருக்கும் உறையில் வைப்பது. வீடு கைமாறும்போது அந்த உறையும் கைமாறும்.